மின்வாளும் மின்கலமும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர் வரும். இராமானுசர் அவதரித்த தலம் என்ற அளவிலேயே அவ்வூரை நாடு நெடுங்காலம் அறிந்திருந்தது. 1998ஆம் ஆண்டில், அதற்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதன் பின்னர் டைம்லரின் சரக்கு வண்டிகளும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் அதே வட்டாரத்தில் உருவாகத் தொடங்கின. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த ஊர்களின் பெயர்கள் இன்று உலகச் சந்தையில் சரக்குப் பெட்டிகளின் மேல் எழுதப்படுகின்றன.

இத்தகைய பெருந்தொழில்களைப் பற்றி இன்று நான் பேசப் புகவில்லை. அத்தொழிற்சாலைகளின் மதிலுக்கு வெளியே, ஒரு தச்சருடைய பையில் அடங்கிவிடும் ஒரு சிறு கருவியைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதுவே கம்பி இணைப்பு இல்லாமல் மின்கலத்தால் இயங்கும் கைவாள். பட்டறைகளில் அதனைக் 'கார்ட்லெஸ் கட்டர்' என்பார்கள்.

மதிலுக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குக் காவல் உண்டு. இயங்கும் பகுதிகளுக்கு உறுதியான காப்பு அமைத்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 21ஆம் பிரிவில், அந்நாளிலேயே விதித்தது. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருப்பார். கதவு திறந்தால் இயந்திரம் தானே நிற்கும். ஆனால் மதிலுக்கு வெளியே நிலைமை வேறு. ஏற்றுமதிப் பொருள்களுக்கு மரப்பெட்டி அடிக்கும் சிறு பட்டறை, தொழிலாளர் தங்கும் விடுதிக்குக் கட்டில் செய்யும் இடம், புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீட்டில் அலமாரி பொருத்தும் அறை ஆகியவற்றில் வாளும் மனிதனுமே எதிரெதிரே நிற்கின்றனர். அங்கே அதிகாரியும் இல்லை. அறிவிப்புப் பலகையும் இல்லை. கல்லூரி மாணவர்கள் தம் செய்முறைத் திட்டங்களுக்காக இக்கருவியை முதன்முதலாகக் கையில் எடுப்பதும் பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேதான்.

கம்பியற்ற கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் துளைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது நிலவின் தரையைத் துளைத்து மண் எடுத்ததும் மின்கலத்தால் இயங்கிய ஒரு துளைக்கருவியே. எனினும் அந்நாளைய நிக்கல்-காட்மியம் கலங்கள் கனமானவை, ஆற்றல் குறைந்தவை. துளையிட முடிந்ததே தவிர, தடித்த பலகையை நாள் முழுதும் அறுக்க அவற்றால் இயலவில்லை. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனிக் கலத்தை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 2005ஆம் ஆண்டு முதல் அக்கலம் கைக்கருவிகளிலும் இடம்பெற்றது. அதன்பிறகே வாளிலிருந்து கம்பி கழன்றது. இக்கலத்துக்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ என்ற மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். நம் காரைக்குடியிலும், வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுநாளாக உழைத்து வருகிறது.

முதலில் வாளைப் பார்ப்போம். வட்டவாளின் தகடு 165 மில்லிமீட்டர் விட்டம் உடையது என்றும், நிமிடத்துக்கு 5000 முறை சுழல்கிறது என்றும் கொள்வோம். இவை சாதாரண அளவுகளே. பள்ளியில் கற்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல்லின் நுனி நொடிக்கு 43 மீட்டர் செல்கிறது. அதாவது மணிக்கு 155 கிலோமீட்டர் வேகம். நெடுஞ்சாலையில் எந்தக் காரும் செல்லத் தகாத வேகத்தில், உம்முடைய விரலுக்கு ஒரு சாண் தூரத்தில், ஒரு பல்வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. விசையை விட்டவுடன் அது நின்றுவிடும் என்று எண்ணுதல் தவறு. நல்ல கருவிகளில் மின்தடை உண்டு. மலிவானவற்றில் தகடு சில நொடிகள் வெறுமனே சுழன்றுதான் அடங்கும். அந்தச் சில நொடிகளில் கருவியைத் தொடைமேல் சாய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

இவ்வாளால் நேரும் காயங்களில் கொடியவை, கருவி பின்னோக்கித் துள்ளுவதால் நேருகின்றன. இது ஏன் நிகழ்கிறது என்று அறிந்துகொண்டால், இதனைத் தடுக்கும் வழிகள் தாமே விளங்கும். கையில் பிடிக்கும் வட்டவாளில், தகட்டின் அடிப்பக்கப் பற்கள், வாளைப் பிடித்திருப்பவருக்கு எதிர்ப்புறமாக, முன்னோக்கி ஓடுகின்றன. மரம் இளகி வழிவிடும் வரையில் ஒன்றும் இல்லை. ஆனால் அறுத்த தடம் திடீரென்று மூடிக்கொண்டு தகட்டை இருபுறமும் நெருக்கினால், பற்கள் மரத்தைப் பற்றிக்கொள்ளும். மரமோ மேசையோடு கட்டுண்டு கிடக்கிறது, அது நகராது. எனவே கருவிதான் நகர வேண்டும். அது முழு ஆற்றலோடு மேலெழுந்து, பிடித்திருப்பவரை நோக்கிப் பாய்கிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. 'நான் உறுதியாகப் பிடித்துக்கொள்வேன்' என்று கூறுபவருடைய தோள்வலிமை இதில் பயன்படாது. கை உணர்வதற்கு முன்பே நிகழ்ச்சி முடிந்துவிடும்.

அறுத்த தடம் ஏன் மூடுகிறது? பெரும்பாலும் பலகையைத் தாங்கிய விதத்தால்தான். இரண்டு முக்காலிகளின்மேல் ஒரு நீண்ட பலகையை வைத்து நடுவில் அறுக்கிறோம். பாதி அறுத்ததும் பலகை தன் எடையாலேயே நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் தடத்தின் மேல்வாய் குறுகும், தகடு சிக்கும். இதற்கு மாறாக, பலகையின் பெரும்பகுதியை நன்கு தாங்கி, அறுபட்டுப் பிரியும் துண்டு தடையின்றிக் கீழே தொங்கி விழுமாறு விட்டால், தடம் அகன்றுகொண்டே போகும். பிளைவுட் போன்ற அகன்ற தகடாயின், தரையில் நான்கைந்து சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் கிடத்தி அறுத்தல் நலம். அறுக்கும் கோட்டின் இருபுறமும் சட்டம் இருக்க வேண்டும். தகட்டின் ஆழத்தையும் மரத்தின் தடிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்; மரத்துக்குக் கீழே ஒரு பல் அளவு வெளியே தெரிந்தால் போதும். முழு ஆழத்தையும் இறக்கி மெல்லிய பலகையை அறுப்பவர், தேவையில்லாமல் தகட்டின் பாதியை மரத்துக்கு அடியில் அலையவிடுகிறார். அங்கே அவருடைய இடக்கை பலகையைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

வாளுக்கு நேர்பின்னே நில்லாமல் சற்றே ஒருபுறமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பழகிய தச்சர்கள் சொல்வது இக்காரணம் பற்றியே. கருவி துள்ளினாலும் ஆளுக்குப் பக்கமாகப் போகட்டும் என்பது அதன் கருத்து. இரு கைகளும் கருவியின்மேல் இருக்க வேண்டும். பலகையைப் பிடிக்கும் வேலையை இடுக்கியிடம் விட்டுவிட வேண்டும்.

தகட்டின் அடிப்பாதியை மூடிக்கொண்டு, மரம் வந்து தள்ளும்போது மட்டும் விலகும் ஒரு காப்பு மூடி இவ்வாளில் உண்டு. சிறு வில்லொன்று அதனைத் திரும்ப மூடச் செய்கிறது. மரத்தூள் அடைத்துக்கொண்டால் மூடி மெதுவாக நகரும். உடனே சிலர் அதனை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிடுகின்றனர். கோடு நன்றாகத் தெரிகிறதாம். இதனைவிடக் கேடு விளைப்பது வேறொன்றில்லை என்பேன். தூளைத் துடைக்க ஒரு நிமிடம் போதும்.

நம் நாட்டுக்கே உரிய மற்றொரு வழக்கத்தையும் இங்கே கூற வேண்டும். சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிளைவுட் அறுப்பதற்கு வட்டவாளைவிட மிகுதியாகப் பயன்படுவது, தரைக்கல் அறுப்பதற்கென்று செய்யப்பட்ட 'மார்பிள் கட்டர்' என்னும் கருவி. விலை குறைவு, எடை குறைவு என்பதால் அதில் மரத்துக்குரிய பல் தகட்டைப் பூட்டி அறுக்கின்றனர். இன்னும் சிலர் 'கிரைண்டர்' எனப்படும் சாணைக் கருவியிலும் அதே தகட்டைப் பூட்டுகின்றனர். கல்லுக்கு ஏற்ற கருவி மரத்துக்கு ஏன் ஆகாது? கல்லறுக்கும் தகட்டுக்குப் பல் கிடையாது. அது தேய்த்துத் தேய்த்து வழி செய்வது. மரத்தகடோ கடித்து இழுப்பது. ஆதலால் துள்ளல் பன்மடங்காகிறது. மேலும் இக்கருவியில் அடிப்பாதியை மூடும் விலகு மூடி இல்லை. சாணைக் கருவியிலோ மரத்தகட்டுக்குரிய அடித்தட்டும் இல்லை. ஆழத்தைக் கட்டுப்படுத்தவும் வழியில்லை. வேகமும் மிகுதி, நிமிடத்துக்குப் பதினோராயிரம் பன்னிரண்டாயிரம் சுற்று ஓடும். தகட்டின் மேல் எழுதியுள்ள உச்ச வேகம் கருவியின் வேகத்தைவிடக் குறைந்திருக்குமாயின், பல்லின் நுனியில் ஒட்டவைத்த கடின உலோகம் தெறித்துக் கண்ணில் பாயலாம். "இருபது வருஷமாக இதில்தான் அறுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று மேஸ்திரி ஒருவர் சொல்லக்கூடும். ஆனவர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வந்து சொல்வதில்லை.

ஒரகடம் வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கும் மரம் பெட்டிமரம். வெளிநாட்டிலிருந்து இயந்திர உறுப்புகளைச் சுமந்து வந்த பைன் மரப் பலகைகளைப் பிரித்து விற்பார்கள். பூச்சி பரவாமல் இருக்க அவற்றின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் முப்பது நிமிடம் வைக்கப்பட்டதற்கு அடையாளமாக ஒரு முத்திரை பொறித்திருக்கும். மரம் நல்லதுதான். ஆனால் அதற்குள் ஒடிந்த ஆணிகள் புதைந்திருக்கும். தலையில்லாத ஆணி வெளியே தெரியாது. வாளின் பாதையில் அது குறுக்கிட்டால் பல் உடைந்து பறக்கும். அறுக்குமுன் ஒரு காந்தத்தைப் பலகைமேல் நகர்த்திப் பார்த்தல் எளிய சோதனை. கண்ணாடி அணியாமல் பெட்டிமரம் அறுக்க வேண்டா. உடையும் கவனிக்கத்தக்கது: தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த கையுறை இவை மூன்றும் சுழலும் பொருளின் அருகே ஆகா.

இனிக் கம்பி இன்மையால் வரும் வேறுபாட்டைக் காண்போம். கம்பியுள்ள கருவியில் செருகியைப் பிடுங்கிவிட்டால், அது வெறும் இரும்பு. பிடுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். மின்கலக் கருவியோ பையில் கிடக்கும்போதும், ஏணிமேல் தொங்கும்போதும், குழந்தை எடுத்துப் பார்க்கும்போதும் உயிரோடுதான் இருக்கிறது. மின்வெட்டு வந்தாலும் அது நிற்காது. ஆகவே தகடு மாற்றும்போதும், ஆழம் திருத்தும்போதும், தூள் துடைக்கும்போதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லும்போதும் மின்கலத்தைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றுவதற்கு ஒரு விரல் அழுத்தமே வேண்டும். தோட்டத்தில் கிளை வெட்டுவதற்கென்று அண்மையில் பரவியிருக்கும் சிறு சங்கிலி வாள்களுக்கு இது இருமடங்கு பொருந்தும். அவற்றை ஒரு கையால் பிடித்து, மறுகையால் கிளையைப் பற்றி அறுக்கும் படங்களை விளம்பரங்களில் காண்கிறோம். அந்த மறுகை சங்கிலியின் வழியில் இருக்கிறது என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

காயம் நேர்ந்துவிட்டால் என் செய்வது? சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108 எண்ணை அழைக்க வேண்டும். விரல் அறுந்திருந்தால் அதனை எறிந்துவிடாதீர்கள். பனிக்கட்டிக்குள் நேரே புதைக்கவும் வேண்டா. ஈரமான தூய துணியில் சுற்றி, ஒரு பாலித்தீன் உறையில் இட்டுக் கட்டி, அவ்வுறையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து, நோயாளியோடு அனுப்ப வேண்டும். பனிக்கட்டி நேராகப் பட்டால் திசு உறைந்து கெடும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைகளின் சிகிச்சைக்கென்றே மருத்துவர் ஆர். வேங்கடசாமி வளர்த்த தனி நிலையம் உண்டு. விரலையும் நரம்பையும் மீண்டும் இணைக்கும் கலையில் அது இந்தியாவுக்கே முன்னோடி. ஆனால் அந்தக் கலையும் நேரத்துக்குக் கட்டுப்பட்டதே. மணிக்கணக்கில் தாமதித்தால் திறமை மிக்க மருத்துவரும் செய்யக்கூடியது குறையும்.

மின்கலத்துக்கு வருவோம். கருவியின் பிடிக்குக் கீழே செருகும் கறுப்புப் பெட்டிக்குள், சுண்டுவிரல் நீளத்தில், 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் உயரமும் உடைய உருளைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட். முழுதும் மின்னேற்றிய நிலையில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும். ஆகவே அதே பெட்டியை 21 வோல்ட் என்றும் விற்கலாம், 20 என்றும் விற்கலாம். இவற்றில் ஒன்று மற்றொன்றைவிட வலியதென்று கடைக்காரர் கூறினால் நம்ப வேண்டியதில்லை. சில மலிவான பெட்டிகளின்மேல் 48, 88 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். திறந்து எண்ணினால் அதே ஐந்து கலங்கள். தன் மேலுறையிலேயே பொய் சொல்லும் பொருள், உள்ளே உள்ள காப்புச் சுற்றைப் பற்றி உண்மை சொல்லும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பெட்டி ஒன்றில் 90 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு டன் எடையைப் பத்து மாடி உயரத்துக்குத் தூக்க அது போதும். அவ்வளவு ஆற்றலையும் உள்ளங்கை அகலப் பெட்டியில் அடைத்திருக்கிறோம். கலத்தினுள் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரிப்பது, தலைமயிரைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் ஏடு. கலம் கீழே விழுந்து நசுங்கினாலும், அளவுக்கு மீறி மின்னேற்றினாலும், வெப்பம் மிகுந்தாலும் அந்த ஏடு பழுதடையும். சுமார் 130 பாகையில் பாலிதீன் ஏடு உருகத் தொடங்கும். இரு முனைகளும் உள்ளேயே தொட்டுக்கொண்டால் வெப்பம் பிறக்கும்; அவ்வெப்பம் வேதிவினையைத் தூண்டும்; வினை மேலும் வெப்பத்தைத் தரும். ஒரு கலம் தீப்பற்றினால் பக்கத்துக் கலமும் பற்றும். வெளிக்காற்று இல்லாவிடினும் உள்ளே வினை தொடரும் என்பதே இத்தீயின் தனித்தன்மை. வெளிவரும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வேலூரில் ஒரு வீட்டில் மின்சார இருசக்கர வண்டியை இரவில் மின்னேற்றத்தில் விட்டுவிட்டு உறங்கினர். வண்டி தீப்பற்றியது, தந்தையும் பள்ளிச் சிறுமியான அவர் மகளும் புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீக்கள் நேர்ந்ததால், மின்சார வண்டிகளின் மின்கலங்களுக்குக் கடுமையான சோதனை விதிகளை மத்திய அரசு 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்விதிகள் வண்டிகளுக்கு எழுதப்பட்டவை. தச்சரின் பையில் உள்ள பெட்டிக்கு அல்ல. பெட்டி சிறியது, தீ சிறியது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் விடுதி அறையில் பஞ்சு மெத்தையின்மேல், வாயிற்படிக்கு அருகே, பத்துப்பேர் தூங்கும்போது அது மின்னேறிக்கொண்டிருந்தால் அளவு பற்றிய வாதம் எடுபடாது.

எனவே மின்னேற்றும் இடம் கல் அல்லது சிமெண்டுத் தளமாக இருக்கட்டும்; வெளியேறும் வழியில் இருக்க வேண்டா; விழித்திருக்கும் நேரத்தில் நிகழட்டும். பெட்டிக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். அறுத்து முடித்த கையோடு, சூடாக இருக்கும் பெட்டியைச் செருகாமல் அரைமணி ஆறவிடுங்கள். 40 அல்லது 45 பாகைக்கு மேல் மின்னேற்றலாகாது என்றே உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கூறுகின்றனர். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைப் பட்டறையின் உட்புறம் அந்த அளவை எளிதில் தாண்டும். கதவு அடைத்த வண்டியினுள்ளோ அதற்கும் மேல். பெட்டியை ஆணிகளோடு ஒரே பையில் போடுவதும் வழக்கமாயிருக்கிறது. ஓர் ஆணி இரு முனைகளையும் இணைத்தால் பை தீப்பற்றப் போதும். முனைகளுக்கு மூடி இட்டு வையுங்கள்.

முழுதும் இறங்கிப்போய் மின்னேற்றி ஏற்க மறுக்கும் பெட்டியை, வேறொரு பெட்டியிலிருந்து இரு கம்பிகளால் தொட்டு 'எழுப்புவது' பட்டறைகளில் ஒரு வித்தை. மின்னேற்றி மறுத்ததற்குக் காரணம் உண்டு. மிகவும் இறங்கிய கலத்தினுள் செம்பு கரைந்து, பின்னர் மீண்டும் படியும்போது இரு முனைகளுக்கும் பாலம் கட்டிவிடும். எழுந்தது போலத் தோன்றும் அப்பெட்டி, அடுத்த வாரம் எழும் விதம் வேறாக இருக்கலாம்.

பெட்டி உப்பினாலோ, இனிப்பு கலந்த மருந்து நெடி வீசினாலோ, சீறும் ஒலி கேட்டாலோ அதனைத் தொடாமல் விலகுங்கள். வீட்டுக்குள் புகை பரவினால் பொருளை மறந்து ஆட்களை வெளியேற்றித் தீயணைப்புப் படையை அழையுங்கள். திறந்த வெளியாயின், தூரத்திலிருந்து ஏராளமான நீர் ஊற்றிக் குளிர்விப்பதே சரி. இங்கே நீர் தீயைவிட வெப்பத்தையே அணைக்கிறது. அணைந்ததுபோல் தோன்றிய பெட்டி பல மணி கழித்தும் மீண்டும் பற்றக்கூடுமாதலால், அதனை வெட்டவெளியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

பழைய பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடுவோர் பலர். குப்பை லாரியில் நசுங்கும்போது அது என்னவாகும் என்பதை மேலே சொன்னதிலிருந்து நீங்களே ஊகிக்கலாம். 2022 ஆகஸ்டில் வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தாம் விற்ற மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டி, வாங்கிய கடையிலோ அந்நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையத்திலோ கொடுங்கள். எடைக்கு வாங்கும் காயலான் கடையில் அதனை உடைத்துக் கலங்களைப் பிரிப்பவர் பெரும்பாலும் உங்களைவிட இளையவராக இருப்பார். அவரிடம் கண்ணாடியும் இராது, சுத்தியலே இருக்கும்.